சுங்கை சிப்புட்டில் ஓர் ஊழியப் பயிற்சி வகுப்பு: திறமைக்கு முன்னே குணம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் தமிழ்ச் சபைகள் சில ஒன்றுசேர்ந்து, சபை உதவிக்காரர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் சனிக்கிழமை மாலைகளில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்திவருகின்றன. மூன்று மாதம் நீளும் இந்த வகுப்பின் பாடப்பொருள் ஒன்றுதான்: ஊழியம் செய்கிறவருடைய குணம். பிரசங்கம் தயாரிக்கும் முறையோ, பாடல் நடத்தும் பயிற்சியோ, சிறுவர்களுக்குக் கதை சொல்லும் உத்தியோ இதில் இல்லை. அவற்றை எதிர்பார்த்து வந்தவர்களில் சிலர் இரண்டாம் வாரமே நின்றுவிட்டார்கள். முழுவதும் இருந்து முடித்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டப்புறச் சபைகளில் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு இதைவிடத் தேவையான பயிற்சியை நான் கண்டதில்லை. அதே சமயம், மிக முக்கியமான ஓர் இடத்தில் இந்த வகுப்பு அவசரப்பட்டுக் கடந்துபோகிறது. அதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற அக்கறையும் சேர்ந்தே இந்த மதிப்புரையை எழுத வைத்தது.

ஈப்போவிலிருந்து கோலகங்சார் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் இருக்கும் இந்தப் பட்டணம், சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களை நம்பி வளர்ந்தது. பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்த குடும்பங்கள் பல தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு மாறிவிட்டன. படித்த பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். தோட்டத்துச் சிறு சபைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒரே போதகர் பல சபைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால், அவர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும், காணிக்கை எண்ணுவதும், நோயாளியைப் போய்ப் பார்ப்பதும், துக்க வீட்டில் முதல் ஆளாக நிற்பதும் வாரம் முழுக்க வேறு வேலை பார்க்கிற சாதாரண விசுவாசிகள்தாம். இவர்களுக்குச் சம்பளமும் இல்லை, மேற்பார்வையும் அதிகம் இல்லை. ஆனால் இவர்களைச் சுற்றி இருக்கிற கண்கள் ஏராளம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் ஒருவர் எப்படிப் பேசுகிறார், சம்பள நாள் மாலையில் எங்கே போகிறார், சீனர் மளிகைக் கடையில் அவர் பெயரில் எத்தனை மாதப் பாக்கி நிற்கிறது என்பதெல்லாம் தோட்டம் முழுவதற்கும் தெரிந்த செய்தி. பெரிய நகரத்தில் மேடைக்கும் வீட்டுக்கும் நடுவே தூரம் உண்டு. இங்கே வேதம் வாசிக்கிறவர் கடைசியாக மனைவியிடம் எப்போது கத்தினார் என்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். இந்த நிலைமையை நன்றாக உணர்ந்தவர்கள்தாம் பாடத்திட்டத்தை அமைத்திருக்கிறார்கள் என்பது முதல் நாளே தெரிந்தது.

முதல் பாடம் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் தொடங்குகிறது. எருசலேம் சபையின் அன்றாட உணவுப் பகிர்வில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கம் பேசிய விசுவாசிகள் முறுமுறுத்தபோது, பந்தி விசாரிப்பதற்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி அப்போஸ்தலர்கள் சொன்னார்கள். அதற்கு அவர்கள் கேட்ட தகுதிகள் நற்சாட்சியும், பரிசுத்த ஆவியின் நிறைவும், ஞானமும். சாப்பாடு பரிமாறுகிற வேலைக்கு இவ்வளவு தகுதி எதற்கு என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். பயிற்றுநர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. உங்கள் சபையில் சென்ற கிறிஸ்துமஸ் விருந்தின்போது யார் வீட்டுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் போய்ச் சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று யோசித்துப் பாருங்கள் என்றார். அந்தக் கேள்வி மறுபடி எழவில்லை.

அடுத்து வந்த 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரப் பாடம்தான் வகுப்பின் அடித்தளம். சபைக் கண்காணிகளுக்கும் உதவிக்காரர்களுக்கும் பவுல் எழுதிய தகுதிகளைப் பலகையில் இரண்டு பத்திகளாகப் பிரிக்கச் சொன்னார்கள்: ஒருவருக்குச் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவை ஒரு பக்கம், ஒருவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பது மறுபக்கம். போதிக்கும் திறமை ஒன்றுதான் ஐயமில்லாமல் முதல் பத்தியில் விழுந்தது. சொந்தக் குடும்பத்தை நன்றாய் நடத்துவது எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்று வெகுநேரம் விவாதம் நடந்தது. மதுபானப் பிரியம், அடிதடி, இழிவான ஆதாயம், பண ஆசை, இருநாக்கு ஆகியவற்றுக்கு விலகி இருப்பதெல்லாம் மறுபக்கத்தை நிறைத்துவிட்டன. நம் சபைகளில் ஒருவரைப் பொறுப்புக்குத் தெரிந்தெடுக்கும்போது கேட்கிற கேள்விகள் எல்லாம் அந்த வெறிச்சோடிய முதல் பத்தியிலிருந்துதான் வருகின்றன என்பதைப் பலகையைப் பார்த்தபோது யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நன்றாகப் பாடுவாரா, மலாயில் கடிதம் எழுதத் தெரியுமா, காடி (கார்) வைத்திருக்கிறாரா என்றுதானே கேட்கிறோம்.

அதே அதிகாரத்தின் 7ஆம் வசனம், சபைக்குப் புறம்பானவர்களிடமும் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. இதையொட்டிக் கொடுத்த வீட்டுவேலை எளிமையானது, ஆனால் கடினமானது. சபைக்கு வராத ஒருவரிடம், உடன் வேலை செய்கிறவரோ கடைக்காரரோ பக்கத்து வீட்டு இந்துக் குடும்பமோ யாராயினும் சரி, என்னைப் பற்றி நீங்கள் உண்மையில் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு வர வேண்டும். செம்பனை வெட்டும் வேலையில் இருக்கும் ஒரு சகோதரர் தம் மேற்பார்வையாளரான தண்டலிடம் கேட்டிருக்கிறார். மறுவாரம் அவர் எழுந்து நின்று, "நீ வேலையில சரியான ஆளுதான், ஆனா குலை எண்ணும்போது மட்டும் உன் பக்கத்துல நான் நின்னாகணும்னு சொல்லிட்டாரு" என்று அப்படியே சொன்னார். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை அங்கே இருந்த எல்லோரும் அறிவோம். பயிற்றுநரும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்காமல், அவரை உட்காரச் சொல்லி, அவருக்காக ஜெபித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். அந்த அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

பணத்தைப் பற்றிய பாடங்களே இந்த வகுப்பின் உச்சம். ஊழியத்தில் இருக்கிறவர்களின் பெயர் கெடுகிற இடங்களில் பணம் முன்வரிசையில் நிற்கிறது. அதைப் பற்றிப் பொதுவாகப் புத்தி சொல்லி முடிக்காமல் மேசைமேல் வைத்தே பழக்குகிறார்கள். துணி விரித்த மேசையில் காணிக்கைப் பையைக் கவிழ்த்து, ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி (ரிங்கிட்) தாள்களையும் சில்லறைகளையும் பிரித்து இருவர் இருவராக எண்ண வேண்டும். பையோடு ஒரு சீட்டு இருக்கும். அதில் எழுதியிருக்கும் தொகையைவிடப் பையில் பத்து வெள்ளி கூடுதலாக இருக்கும்படி முன்கூட்டியே வைத்திருந்தார்கள். பணம் குறைந்தால் எல்லோரும் பதறுவார்கள். கூடினால் என்ன செய்வது? அடுத்த வாரக் காணிக்கையில் சேர்த்துவிடலாம் என்றார் ஒருவர். கஷ்டப்படும் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம், நல்ல காரியம்தானே என்றார் இன்னொருவர். பயிற்றுநர் சொன்ன விளக்கம் எனக்கு இன்னும் மறக்கவில்லை: கணக்கில் ஏறாத பணத்தை எதற்குக் கொடுப்பது என்று நீங்கள் முடிவு செய்கிற அந்த நொடியில் அது சபையின் பணமாக இல்லாமல் உங்கள் பணமாகிவிடுகிறது, நல்ல காரியத்துக்குக் கொடுத்தாலும் அதுவே உண்மை. இருக்கிற தொகையை இருக்கிறபடியே எழுதி, வித்தியாசத்தையும் எழுதி, எண்ணிய இருவரும் கையெழுத்திட்டு, பொருளாளரிடம் அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். எண்ணுகிற இருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக்கூடாது. வங்கியில் போடுமுன் அந்தப் பையிலிருந்து யாருக்கும், போதகருக்கே ஆனாலும், எதுவும் எடுத்துக் கொடுக்கக்கூடாது.

இதற்கு ஆதாரமாக அவர்கள் எடுத்துக்கொண்ட வேதபகுதி 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த தர்மப்பணத்தைப் பவுல் தனியாகக் கையாளவில்லை. தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த வேறொரு சகோதரரையும் சேர்த்து அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்லாமல் மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுவதாகக் காரணமும் எழுதுகிறார். அப்போஸ்தலனே தன்னைச் சோதனைக்கு உட்படுத்திக்கொண்டிருக்க, என்னை நம்பவில்லையா என்று கோபித்துக்கொள்கிற பொருளாளர்களை என்னவென்பது. நெகேமியாவும் இந்தப் பாடத்தில் வருகிறார்: பன்னிரண்டு ஆண்டுகள் யூதாவின் அதிபதியாக இருந்தும், முந்தைய அதிபதிகள் ஜனங்கள்மேல் சுமத்தி வாங்கிய உணவுப் படியை அவர் வாங்கவில்லை. உரிமை இருந்தும் எடுக்காமல் விட்டது அவருடைய குணத்தைக் காட்டுகிறது என்பது வகுப்பின் வாதம். அதோடு எனக்கு முழு உடன்பாடு.

இந்த இடத்தில் பயிற்றுநர் இந்த ஊரின் கதை ஒன்றைச் சேர்த்துக்கொண்டதும் பொருத்தமாக இருந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடி விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கிக்கொள்வதற்காக, ஆளுக்கு மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்க்கப்பட்டது. பால் வெட்டுகிற குடும்பத்துக்கு அன்றைக்குப் பத்து வெள்ளி என்பது வீட்டு அரிசியில் கைவைக்கிற தொகை. அதைக் கொண்டுவந்து ஒருவர் கையில் கொடுக்கச் செய்தது வாங்குகிறவர்மேல் இருந்த நம்பிக்கைதான். இது கிறிஸ்தவ ஊழியத்தின் வரலாறு இல்லை என்பது உண்மை. ஆனால் லயத்துக் குடும்பம் கொடுத்த பத்து வெள்ளியின் கனத்தை அறிந்தவருக்குக் காணிக்கைப் பையின் கனமும் தெரியும்.

நாவைப் பற்றிய பாடமும் பயனுள்ளது, அதிலும் ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நடக்கும் தீங்கைப் பற்றிய பகுதி. இன்ன சகோதரியின் மகளுக்காக ஜெபியுங்கள், அவள் இப்படிச் செய்துவிட்டாள் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டுவிட்டால், ஆமென் போடுகிற இருபது பேரில் எத்தனை பேர் உண்மையில் முழங்காலிட்டார்கள் என்பது தெரியாது. செய்தி மட்டும் அன்றைக்கே மூன்று தோட்டம் தாண்டியிருக்கும். பெயரும் விவரமும் சொல்லாமல் ஜெபக் குறிப்பு எழுதிப் பழகவைத்தார்கள். நம்பிச் சொன்னவருடைய அனுமதியில்லாமல் தன் மனைவியிடமோ கணவரிடமோகூடச் சொல்லக்கூடாது என்பதை மட்டும் பலரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் பயிற்றுநர் பக்கம்தான்.

ஊழியர்களின் வாழ்க்கையிலிருந்து எடுத்த உதாரணங்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, 1948 நவம்பரில் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரஹாமும் அவருடைய உடன் ஊழியர்களும் கூடிப் பேசித் தங்களுக்கென்று வகுத்துக்கொண்ட ஒழுங்குகள்: காணிக்கை கேட்பதில் அடக்கம், மனைவியல்லாத பெண்ணோடு தனித்திருக்காமை, உள்ளூர்ச் சபைகளைக் குறைசொல்லாமை, கூட்டத்தின் எண்ணிக்கையை மிகைப்படுத்தாமை. சோதனை வந்தபிறகு தீர்மானிக்கலாம் என்று இராமல், வருவதற்கு முன்பே வேலி போட்டுக்கொண்டார்கள் என்பதற்காக இதை விரிவாகப் படிக்கவைத்தது சரியே.

மற்றொன்று நம் தமிழ் மண்ணைச் சேர்ந்தது, ஆனால் கையேட்டில் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்து, 1798இல் தஞ்சாவூரில் மறைந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றியது அது. கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பும் தூதர்களை நம்ப மறுத்த மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலி, அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்றமாட்டார் என்று சொன்னதாக வரலாறு. 1779இல் சுவார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் அவரைச் சந்தித்தார். பின்னர் போர்க்காலப் பஞ்சத்தில் தஞ்சைக் கோட்டை பட்டினியில் தவித்தபோது, கொடுத்த தானியத்துக்குப் பணம் வராது என்று பயந்து குடியானவர்கள் யாரும் கொண்டுவரவில்லை. பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்த பிறகே மாடுகளும் தானியமும் கோட்டைக்கு வந்தன. தஞ்சை மன்னர் துளஜா தம் தத்துப் பிள்ளையான சரபோஜியை அவருடைய பாதுகாப்பில்தான் ஒப்படைத்தார். கடைசிவரை இந்துவாகவே இருந்த சரபோஜி பிற்காலத்தில் அவருக்குச் சலவைக்கல் நினைவுச்சிற்பம் எடுத்தார். தஞ்சையில் இன்றும் இருக்கிறது. புறம்பானவர்களிடம் நற்சாட்சி என்ற அந்த வசனத்துக்கு இதைவிட நேரான விளக்கம் நம் மொழிப் பரப்பில் எனக்குத் தெரியாது. இந்த ஒரு பக்கத்தை ஒரு மாலை முழுவதற்குமான பாடமாக விரித்திருக்கலாம். தோட்டத்துப் பாட்டிமார்கூட ஐதர் அலியின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இனிக் குறைக்கு வருகிறேன். குணத்தை இவ்வளவு உயர்த்திப் பிடிக்கிற ஒரு வகுப்பு, விழுந்தவர் எழுவதைப் பற்றி அதே அளவுக்கு விரிவாகப் பேசியாக வேண்டும். இங்கே அந்தப் பாடம் கடைசி வாரத்தில், சான்றிதழ் கொடுக்கிற பரபரப்புக்கு நடுவே, அரைமணி நேரத்தில் முடிந்துபோனது. பேதுரு மறுதலித்ததும் கர்த்தர் அவரை மறுபடி ஆடுகளை மேய்க்கச் சொன்னதும் சொல்லப்பட்டன, அவ்வளவுதான். மாற்கு எனப்பட்ட யோவான் பாதி வழியில் பவுலை விட்டுத் திரும்பிப்போனதும், அவரை மறுபடி சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று பவுலுக்கும் பர்னபாவுக்கும் மூண்ட கடுங்கோபமும், பர்னபா அவரைக் கைவிடாமல் தம்மோடு கூட்டிச்சென்றதும், முடிவில் பவுலே மாற்கு ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இந்த வகுப்பில் இடம்பெறவே இல்லை. இதன் விளைவைக் கண்ணால் பார்த்தேன். மனச்சாட்சி கூர்மையான இளைஞர்கள் இருவர், நாங்கள் இதற்குத் தகுதியானவர்கள் இல்லை என்று சொல்லி ஞாயிறு பள்ளி வகுப்புகளை விட்டு விலகிவிட்டார்கள். உண்மையில் தங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டியவர்களோ சான்றிதழை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள். நற்குணத்தை ஊழியத்துக்கான நுழைவுத் தேர்வாக மட்டும் காட்டினால் இப்படித்தான் ஆகும். ஆவியின் கனி என்று கலாத்தியர் 5ஆம் அதிகாரம் சொல்வது வளர்கிற ஒன்றை. உபத்திரவம் பொறுமையையும் பொறுமை பரீட்சையையும் (சோதனையில் தேறிய குணத்தையும்) உண்டாக்கும் என்று ரோமர் 5ஆம் அதிகாரம் சொல்வதும் காலம் எடுக்கிற ஒன்றைத்தான். இந்த இரு பகுதிகளுக்கும் முன்வாரங்களிலேயே இடம் கொடுத்திருக்க வேண்டும்.

பெண்களின் நிலைமைக்குக் கொடுத்த கவனமும் போதாது. பங்கேற்றவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். தோட்டச் சபைகளில் வீடு சந்திப்பைச் சுமப்பவர்களும் அவர்களே. ஆனால் உதாரணங்களும் பயிற்சிக் கேள்விகளும் பெரும்பாலும் ஆண் மூப்பரை மனதில் வைத்தே எழுதப்பட்டிருந்தன. களையெடுப்பு வேலைக்குப் போகிற ஓர் அம்மா இடைவேளையில் சொன்னதைக் கையேட்டில் சேர்த்துக்கொள்ளலாம்: "எங்க லயத்துல போன மாசம் யாரு என்ன பிரசங்கம் பண்ணாங்கன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாதுங்க ஐயா. எங்கம்மா செத்தப்ப ராத்திரி பூரா யாரு வந்து உட்கார்ந்திருந்தாங்கன்னு கேளுங்க, சின்னப் பிள்ளைகூட சொல்லும்."

கையேட்டின் தமிழ் சில பக்கங்களில் அந்நிய மொழியிலிருந்து வரிக்கு வரி பெயர்த்ததுபோல் கரடுமுரடாக இருக்கிறது. வகுப்பில் பயிற்றுநர் பேசிய தமிழ் அவ்வளவு இயல்பாக இருந்ததால், அவர் பேசியதையே எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது.

மற்ற விவரங்கள் சுருக்கமாக. கட்டணம் 60 வெள்ளி, கையேடும் மாலைப் பசியாறலும் அதில் அடக்கம். கட்ட முடியாதவர்களிடம் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாதபடி பாதியை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். மண்டபத்தில் மின்விசிறிகள் போதவில்லை, முன்வரிசையில் உட்கார்ந்தால் காற்று வரும். வகுப்பு சொன்ன நேரத்துக்குத் தொடங்கிச் சொன்ன நேரத்துக்கு முடிகிறது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய தோட்டத்து ஆட்களுக்கு இது பெரிய உதவி. மோட்டாரில் வருகிறவர்கள் மழைக்காலத்தில் மாற்றுடை கொண்டுவருவது நல்லது.

பிரசங்கம் செய்யக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் இதற்கு வர வேண்டாம். அதற்குச் சிரம்பானில் உள்ள மலேசிய இறையியல் கல்லூரி போன்ற இடங்களை விசாரித்துப் பார்க்கலாம். பொருளாளர், காணிக்கை எண்ணுகிறவர், ஞாயிறு பள்ளி ஆசிரியர், வீடு சந்திக்கிறவர் ஆகியோர் அவசியம் வர வேண்டும். சபைகளுக்கு என் வேண்டுகோள், தேர்தல் முடிந்து பொறுப்புக்கு வந்த பிறகு ஆட்களை அனுப்பாமல், பெயர்கள் பேசப்படுகிற காலத்திலேயே அனுப்பிவையுங்கள்; முன்னதாகச் சோதிக்கப்பட வேண்டும் என்றுதான் பவுலும் உதவிக்காரரைக் குறித்து எழுதினார். ஒரே சபையிலிருந்து குறைந்தது இரண்டு பேராவது சேர்ந்து வருவது நல்லது, ஏனென்றால் வகுப்பு முடிந்த பிறகு ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வதற்கு இந்த ஏற்பாட்டில் வேறு வழி எதுவும் வைக்கப்படவில்லை. நடத்துகிறவர்களிடம் மாற்குவைப் பற்றிய பாடத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய மாணவர்கள் கூடும் ஒரு மாலையையும் எழுத்திலேயே கேட்டிருக்கிறேன். அடுத்த வகுப்பின் கால அட்டவணையைத் தயாரிக்கும்போது கவனிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.